பாடம் வீட்டில், வேலை வகுப்பில்

மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், கோவையில் படித்த காலத்தைத் தம் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் எழுதியிருக்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் சக மாணவரோடு கலக்காமல் வெளியே எங்காவது உட்கார்ந்து படிப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார்.

இன்று அதே மண்ணின் பிள்ளைகள், செங்கல்பட்டைச் சுற்றியும் மாமல்லபுரம் சாலையிலும் உள்ள பொறியியல் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்தது. கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. சேர்ந்துவிட்டோம், சரி. உள்ளே சமமாக உட்காருகிறோமா?

பொறியியல் கல்வியில் இப்போது பேசப்படுவது 'தலைகீழ் வகுப்பறை'. விரிவுரையை முதல் நாளே வீடியோவில் பார்த்துவிட வேண்டும். வகுப்பு நேரம் சந்தேகம் கேட்கவும், குழுவாகச் சேர்ந்து ப்ராஜெக்ட் செய்யவும்தான்.

தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு இது நல்ல வாய்ப்பு. புரியாத இடத்தில் வீடியோவை நிறுத்தி, நாலு முறை கேட்கலாம். ஆனால் எல்லா வீடும் படிக்கும் அறை ஆகாது. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் கணினி இருந்த வீடுகள் 4.4 சதவீதமே, இணைய வசதி இருந்தவை 14.9 சதவீதம். அதன்பின் செல்போன் பெருகியது உண்மைதான். ஆனாலும் ஓர் அறை வீட்டில், ஒரே போனை மூன்று பேர் பகிரும்போது பாடத்துக்கு நேரம் ஏது?

எனவே கல்லூரிகளிடம் நாம் கேட்பது இதுதான்: வகுப்பு முடிந்தபின்னும் நூலகமும் கணினி அறையும் திறந்திருக்கட்டும். வீடியோவை அங்கேயே பதிவிறக்கிக்கொள்ள வழி இருக்கட்டும். ப்ராஜெக்ட் குழுவில் ஒருவர் கருவியைப் பிடிக்க, இன்னொருவர் ரெக்கார்டு எழுதவும் சாமான் வாங்கவும் மட்டும் என்று ஆகிவிடாமல், வேலையை முறைவைத்து மாற்றிக் கொடுக்கட்டும்.

ப்ராஜெக்ட் என்பது மதிப்பெண்ணோடு முடிவதல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு மாணவர் இறுதியாண்டில் தொடங்கிய ப்ராஜெக்ட்தான், செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்யும் 'ஹோமோசெப்' இயந்திரமாக வளர்ந்தது. சஃபாய் கர்மசாரி அந்தோலன் துணை நின்றது. துப்புரவுப் பணியில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் வழிநடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்கு 2022இல் அந்த இயந்திரங்கள் வழங்கப்பட்டன.

மாணவர்களே, உங்கள் தெருவில் தேங்கும் மழைநீரும், கடலோரத்தில் உப்பேறிய கிணறும் ப்ராஜெக்ட்தான். அதை நீங்களே குழுவில் முன்வையுங்கள். ரெக்கார்டு நோட்டோடு நின்றுவிடாமல், ஸ்பேனரையும் கேட்டு வாங்குங்கள்.