3 மாச வெளிநாட்டு ஹெல்த் கோர்ஸ்: நகையை அடகு வைக்கும் முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க சித்தி பொண்ணு போன் பண்ணா. மதுரையில ஒரு தனியார் மருத்துவமனையில ஸ்டாஃப் நர்ஸ். கைக்கு வர்ற சம்பளம் 32,000 ரூபாய். "அண்ணே, லண்டன்ல ட்ராபிக்கல் நர்சிங்னு ஒரு கோர்ஸ் இருக்காம். மூணு மாசத்துல முடிச்சிடலாமாம். முடிச்சா அங்கேயே வேலைன்னு ஏஜென்ட் சொல்றாரு. அம்மா நகையை வச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. நீ என்ன சொல்ற?"

நான் உடனே எதுவும் சொல்லல. "ஒரு வாரம் டைம் குடும்மா"ன்னு கேட்டேன். அந்த ஒரு வாரத்துல நான் போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், பார்மா கம்பெனி ஊழியர், தொண்டு நிறுவனத்துல டேட்டா பார்க்கிறவர்னு நம்ம சேனல்ல நிறைய பேர் இருக்கீங்க. உங்க எல்லாருக்கும் இது பொருந்தும்.

முதல்ல, இது என்ன படிப்பு?

மருத்துவமனையில ஒரு நோயாளியைப் பார்க்கிறது கிளினிக்கல் வேலை. ஒரு ஊருக்கே டெங்கு ஏன் வருது, எங்க பரவுது, எப்படி நிறுத்துறதுன்னு பார்க்கிறது பப்ளிக் ஹெல்த், அதாவது பொது சுகாதாரம். மலேரியா, டெங்கு, யானைக்கால், எலிக்காய்ச்சல், பாம்புக்கடின்னு வெப்ப நாடுகள்ல அதிகமா வர்ற பிரச்சனைகளைப் படிக்கிறது ட்ராபிக்கல் மெடிசின்.

இதுக்குப் பேர் போன ரெண்டு பள்ளிகள் இங்கிலாந்துல இருக்கு. லிவர்பூல் 1898-ல ஆரம்பிச்சது, லண்டன் 1899-ல. இதுல ஒரு வேடிக்கை பாருங்க. மலேரியா கிருமி கொசுவுக்குள்ள வளருதுன்னு ரொனால்ட் ராஸ் 1897-ல கண்டுபிடிச்சது நம்ம செகந்திராபாத்ல. அப்புறம் அவர் லிவர்பூல் பள்ளியில பாடம் எடுத்தார். 1902-ல நோபல் பரிசும் வாங்கினார். நம்ம ஊர் கொசுவுல கண்டுபிடிச்சதைத்தான் நாம லட்சக்கணக்குல செலவு பண்ணி அங்க போய் படிக்கிறோம்!

டாக்டர்களுக்கு அங்க 'டிப்ளமோ இன் ட்ராபிக்கல் மெடிசின் அண்ட் ஹைஜீன்'னு சுமார் 3 மாசப் படிப்பு இருக்கு. நர்சுகளுக்குத் தனி டிப்ளமோ. பெல்ஜியத்துல ஆன்ட்வெர்ப், தாய்லாந்துல பாங்காக் மகிடோல் பல்கலைக்கழகம், இங்கெல்லாமும் ட்ராபிக்கல் மெடிசின் படிப்புகள் உண்டு. தரத்துல குறையே சொல்ல முடியாது. எல்லைகளற்ற மருத்துவர்கள் மாதிரி அமைப்புகள்ல களப்பணிக்குப் போற டாக்டருக்கு இந்த டிப்ளமோ நல்ல பலம்.

சரி, படிப்பு நல்ல படிப்புதான். இந்தச் சம்பளத்துல இருக்கிற இந்தப் பொண்ணுக்கு, இப்போ, அது சரியான செலவாங்கிறதுதான் கேள்வி.

ஏஜென்ட் சொல்லாத மூணு விஷயம்

1. வேலை பார்க்க முடியாது. 6 மாசத்துக்குள்ள முடியுற குறுகிய படிப்புக்கு பிரிட்டனுக்கு விசிட்டர் விசாவுலயே போகலாம். ஆனா அந்த விசாவுல பார்ட் டைம் வேலை கூடக் கூடாது. அங்க இருந்துக்கிட்டே வேலை விசாவுக்கு மாறவும் முடியாது. "சாயங்காலம் கடையில வேலை பார்த்து சாப்பாட்டுச் செலவைச் சமாளிச்சுக்கலாம்" கணக்கு இங்க செல்லாது.

2. இந்த டிப்ளமோ நர்ஸ் லைசென்ஸ் கிடையாது. பிரிட்டன்ல நர்ஸா வேலை பார்க்கணும்னா அந்த நாட்டு நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணணும். அதுக்கு ஆங்கிலத் தேர்வு, கம்ப்யூட்டர் தேர்வு, செய்முறைத் தேர்வுன்னு தனி வழி இருக்கு. ட்ராபிக்கல் டிப்ளமோ அந்த வழியில ஒரு படி கூட இல்ல. டாக்டர்களும் கவனிங்க: 3 மாச டிப்ளமோ உங்களை எம்.டி. ஆக்காது.

3. பெரிய ஸ்காலர்ஷிப் எல்லாம் இதுக்கு வராது. உதாரணமா, செவனிங் ஸ்காலர்ஷிப் ஒரு வருஷ முதுகலைப் பட்டத்துக்குத்தான். மூணு மாச டிப்ளமோவுக்குக் கிடையாது.

ரெண்டாவது பாயின்ட்டைச் சொன்னதும் தங்கச்சி கொஞ்ச நேரம் பேசல. "அப்ப அவரு ஏண்ணே அப்படிச் சொன்னாரு?"ன்னு கேட்டா. ஏஜென்ட்டுக்குக் கமிஷன் நீங்க சேர்ந்தா வரும். உங்களுக்கு வேலை கிடைச்சா வர்றதில்ல.

இப்போ கணக்குக்கு வருவோம்

கீழே இருக்கிறது நான் உதாரணத்துக்குப் போட்ட தொகைகள். நீங்க விண்ணப்பிக்கிற கல்லூரியோட கட்டணத்தைப் போட்டு மாத்திக்கோங்க.

- கோர்ஸ் கட்டணம்: 6,00,000
- 3 மாசம் தங்க, சாப்பிட: 4,00,000
- விமானம், விசா, இன்சூரன்ஸ்: 1,20,000
- 3 மாசம் இழக்கிற சம்பளம்: 96,000
- மொத்தம்: 12,16,000

நாலாவது வரியைப் பெரும்பாலானவங்க மறந்துடுவாங்க. லீவ் போட்டுட்டுப் போறீங்கன்னா, வராத சம்பளமும் செலவுதான்.

இதுல 10 லட்சம் லோன் போடுறோம்னு வைங்க. 11% வட்டி, 7 வருஷம். இ.எம்.ஐ. மாசம் சுமார் 17,100 ரூபாய். 7 வருஷத்துல வட்டி மட்டும் சுமார் 4.38 லட்சம். ஆக உண்மையான செலவு 16.5 லட்சத்தைத் தாண்டுது.

32,000 சம்பளத்துல 17,100 இ.எம்.ஐ. பாதிக்கு மேல போயிடுது! வாடகை, வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் மிச்சத்துல.

நம்ம ஃபார்முலா

ரொம்ப சிம்பிள். மொத்தச் செலவை, படிச்ச பிறகு மாசச் சம்பளத்துல கூடுதலா வரப்போற தொகையால வகுங்க. எத்தனை மாசத்துல போட்ட பணம் திரும்ப வரும்னு தெரிஞ்சிடும்.

ஊருக்குத் திரும்பி வந்து 10,000 ரூபாய் சம்பளம் கூடுதுன்னே வச்சுக்குவோம். 16.5 லட்சம் ÷ 10,000 = 165 மாசம். அதாவது 13 வருஷத்துக்கு மேல. என்னோட வரம்பு இதுதான்: குறுகிய படிப்புன்னா 24 மாசத்துக்குள்ள பணம் திரும்பணும். 36 மாசத்தைத் தாண்டினா, அதுக்குப் பணத்தைத் தவிர வேற ஒரு வலுவான காரணம் இருக்கணும்.

"வரிச் சலுகை இருக்கே?"

இதுலதான் நிறைய குழப்பம்.

- 80இ: கல்விக் கடனுக்குக் கட்டுற வட்டியை மட்டும் கழிக்கலாம். அசலுக்குக் கிடையாது. உச்சவரம்பு இல்ல, 8 வருஷம் வரை. ஆனா பழைய வரிமுறையில மட்டும்தான். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குறவங்களுக்கு வரியே வராது. மாசம் 32,000 வாங்குற தங்கச்சிக்கு வரியே இல்லாதப்போ, கழிவை வச்சு என்ன பண்றது? நகைக்கடனுக்கும் தெரிஞ்சவங்ககிட்ட வாங்குற கைமாத்துக்கும் 80இ பொருந்தாது.
- 80சி: பிள்ளைங்க படிப்புக் கட்டணத்துக்குத்தான். உங்க சொந்தப் படிப்புக்கு இல்ல.
- டி.சி.எஸ்.: 2025 ஏப்ரல்ல இருந்து, வங்கிக் கல்விக் கடன்ல அனுப்புற பணத்துக்கு டி.சி.எஸ். இல்ல. சொந்தப் பணமா இருந்து ஒரு நிதியாண்டுல 10 லட்சத்தைத் தாண்டினா, தாண்டின தொகைக்கு மட்டும் பிடிப்பாங்க. இது கூடுதல் வரி இல்ல. ரிட்டர்ன் தாக்கல் பண்ணி வாங்கிக்கலாம். ஆனா அதுவரைக்கும் உங்க பணம் முடங்கிக் கிடக்கும்.

உள்ளூர்ல என்ன இருக்கு?

நிறைய இருக்கு. ஆச்சரியப்படுவீங்க.

- சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்: ஐ.சி.எம்.ஆர். நிறுவனம். பொது சுகாதாரத்துல முதுகலைப் படிப்பு நடத்துறாங்க. மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைகளை என்.பி.டெல். வழியா இணையத்துல சொல்லித் தர்றாங்க. பாடம் இலவசம், சான்றிதழ் வேணும்னா தேர்வுக் கட்டணம் மட்டும்.
- புதுச்சேரி வெக்டர் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம்: 1975-ல ஆரம்பிச்சது. கொசு, பூச்சி வழியா பரவுற நோய்கள்தான் இவங்க களம். லைஃப் சயின்ஸ் படிச்சவங்க கவனிக்கணும்.
- கொல்கத்தா: ட்ராபிக்கல் மெடிசினுக்குன்னே நூறு வருஷத்துக்கு மேல நடக்கிற கல்லூரி இருக்கு. 1932-ல ஆரம்பிச்ச அகில இந்திய சுகாதாரம் மற்றும் பொதுநல நிறுவனமும் அங்கதான்.
- திருவனந்தபுரம்: ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தோட அச்சுத மேனன் மையம். பொது சுகாதார முதுகலைக்கு நல்ல பேர்.
- உலக சுகாதார நிறுவனம்: தொற்றுக் கட்டுப்பாடு, நோய்ப் பரவல் பத்தி இணையத்துல இலவசப் பயிற்சிகள் தர்றாங்க.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இங்க பொது சுகாதாரத்துக்குன்னு தனி இயக்ககமே இருக்கு. 1939-லயே மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் வந்துடுச்சு. அதனால அரசு டாக்டர்களுக்கு இந்தத் துறையில படிச்சு மேல போக ஒரு வழி உண்டு.

ஒரு எச்சரிக்கை: இணையவழி, தொலைதூர டிப்ளமோ எதுவா இருந்தாலும் பணம் கட்டும் முன்னாடி யு.ஜி.சி. அனுமதிப் பட்டியல்ல அந்தப் படிப்பு, அந்த வருஷத்துக்கு இருக்கான்னு பாருங்க. பல்கலைக்கழகம் பேர் மட்டும் இருந்தா போதாது.

இப்போ அதே ஃபார்முலா. வேலையில இருந்துக்கிட்டே ஒரு வருஷப் படிப்பு. கட்டணம் 60,000, நேர்முக வகுப்புக்குப் போய்வர 15,000, மொத்தம் 75,000-ன்னு வைங்க. சம்பளம் மாசம் 4,000 கூடினாலே 19 மாசத்துல பணம் திரும்பிடும். கடன் இல்ல, நகையும் பீரோவுலயே இருக்கும்.

அப்ப வெளிநாடு யாருக்குத்தான் சரி?

கம்பெனியோ தொண்டு நிறுவனமோ கட்டணம் கட்டுதுன்னா தாராளமா போங்க. ஆனா திரும்பி வந்து எத்தனை வருஷம் வேலை பார்க்கணும்னு பாண்ட் இருக்கும். நடுவுல விலகினா எவ்வளவு கட்டணும்கிற வரியைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. அடுத்து, எந்த வேலைக்குப் போகப் போறோம், அவங்க இந்த டிப்ளமோவைக் கேட்கிறாங்களான்னு தெளிவாத் தெரிஞ்ச டாக்டர், நர்ஸ். மூணாவது, செலவுல பெரும்பகுதியைச் சேமிப்புல வச்சிருக்கிறவங்க.

கடைசியா என்ன ஆச்சு?

தங்கச்சி போகல. வருத்தப்பட்டா, அதை மறைக்க விரும்பல. "எனக்கு எப்பவுமே இப்படித்தாண்ணே"ன்னு சொன்னப்போ எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அடுத்த வாரமே தொற்றுக் கட்டுப்பாடு பத்தின இலவசப் பயிற்சியில சேர்ந்துட்டா. அவ மருத்துவமனை என்.ஏ.பி.ஹெச். தரச்சான்றுக்குத் தயாராகுது. அதுக்குத் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் ஒருத்தர் கண்டிப்பா வேணும். நர்சிங் சூப்பிரண்டென்ட் மேடம்கிட்ட இவளாவே போய்க் கேட்டிருக்கா. பதில் இன்னும் வரல.

மாசம் 8,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி.யும் போட்டிருக்கா. 3 வருஷத்துல 2.88 லட்சம், வட்டி தனி. "அப்பவும் போகணும்னு தோணுச்சுன்னா, என் காசுல போறேன்"ங்கிறா. சித்தியோட நகை சித்தி கழுத்துலயே இருக்கு.

நீங்க ஏதாவது கோர்ஸ்ல சேர நினைச்சிருந்தா, மொத்தச் செலவு, இழக்கிற சம்பளம், எதிர்பார்க்கிற உயர்வு, இந்த மூணையும் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல சேர்ந்து கணக்குப் போடுவோம். கோர்ஸ்னு கிளம்பியிருக்கிற நண்பர் யாராவது இருந்தா, அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி இதை அனுப்பிடுங்க.