பள்ளிப் பையில் கூல் லிப் பாக்கெட்... பிள்ளையை மீட்க பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

"நம்ம பையன் அப்படியெல்லாம் பண்ண மாட்டான்." பிள்ளையின் பையில் கூல் லிப் பாக்கெட்டோ, கஞ்சா பொட்டலமோ கிடைக்கும் நிமிடம் வரை பல வீடுகளில் கேட்கும் வார்த்தை இது. கிடைத்த பிறகு நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. அடி, உதை, இல்லையென்றால் வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று மூடி மறைப்பது. இரண்டிலுமே சிகிச்சை தள்ளிப்போகிறது. வளரிளம் பருவத்தில் அந்தத் தாமதம் ஆபத்தானது.

முடிவெடுக்கும், ஆசையைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி முழுமையாக வளர 25 வயது வரை ஆகும். அதற்கு முன்பே போதை பழகினால், அடிமையாகும் வாய்ப்பும் அதிகம்.

எதில் சிக்குகிறார்கள்?

உதட்டுக்குள் வைக்கும் கூல் லிப், ஹான்ஸ், சிகரெட், மது, கஞ்சா, ஊசி மூலம் ஏற்றிக்கொள்ளும் வலி நிவாரணி மாத்திரைகள் எனப் பட்டியல் நீள்கிறது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், வொயிட்னர், பெயின்ட் தின்னர் போன்றவற்றை முகர்வதும் போதைதான். மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களைவிட சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே வகை இந்த முகரும் போதைதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கோபம், தனிமை, கதவைச் சாத்திக்கொள்வது எல்லாம் இந்த வயதின் இயல்பாகவும் இருக்கலாம். ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவு கட்டக் கூடாது. பல மாற்றங்கள் சேர்ந்து வந்து, சில வாரங்கள் நீடித்தால்தான் கவனிக்க வேண்டும்.

* கண் சிவப்பு, அதை மறைக்க அடிக்கடி கண் சொட்டு மருந்து
* வாயின் உட்புறம் வெள்ளைத் திட்டு, புண்
* உடையில், கையில் பெயின்ட், பசை வாசனை
* வெயிலிலும் முழுக்கை சட்டை, கையில் ஊசித் தழும்பு
* திடீரென மதிப்பெண் சரிவு, பள்ளிக்கு மட்டம், பழைய நண்பர்களை விட்டு விலகல்
* வீட்டில் பணம், நகை காணாமல் போவது
* தூக்கம், பசி தலைகீழாக மாறுவது

மனச்சோர்விலும் இவற்றில் சில வரும். போதையும் மனச்சோர்வும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அதனால் மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும்.

எப்படிப் பேசுவது?

பிள்ளை போதையில் இருக்கும்போதோ, பெற்றோர் கோபத்தில் இருக்கும்போதோ பேச வேண்டாம். மறுநாள், தம்பி தங்கைகள், உறவினர்கள் இல்லாத நேரத்தில் உட்காருங்கள். "ஏன்டா இப்படிப் பண்ணுன?" என்று தொடங்கினால் பொய்தான் பதிலாக வரும். "உன் பையில இதைப் பார்த்தேன், எனக்குப் பயமா இருக்கு, என்ன நடக்குதுன்னு சொல்லு" என்று கேட்டால் பேச வழி கிடைக்கும். யார் கொடுத்தார்கள் என்பதைவிட, எதை, எவ்வளவு நாளாக, எத்தனை முறை என்பதுதான் சிகிச்சைக்கு முதலில் தேவை.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமா?

பல பெற்றோரைத் தடுப்பது இந்தப் பயம்தான். மனநல சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவும் கைகொடுக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமைகள், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம்.

மறுபக்கம், சிறுவர்களுக்கு மது, புகையிலை, போதைப்பொருள் கொடுப்பவர்களுக்கு சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. போனில் ஆலோசனை பெற, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநலத்துக்கான டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கான 1098 ஆகியவை இருக்கின்றன. மூன்றும் இலவசம்.

எல்லோரும் மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. பலருக்கு வெளிநோயாளியாக ஆலோசனை, குடும்பத்துடன் சேர்ந்த கவுன்சலிங் போதும். ஆனால், தினமும் குடிப்பவர்களையோ, வலி மாத்திரை எடுப்பவர்களையோ அறையில் பூட்டி வைத்து "நிறுத்த வைப்பது" ஆபத்து. குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால், மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா என்று கேளுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பெரியவர்களுடன் தங்க வைக்கக் கூடாது. யாரையும் சங்கிலியால் கட்டுவதும் சட்டப்படி குற்றம்.

மயங்கி, எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகிவிட்டால், ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ஐ அழையுங்கள். என்ன எடுத்தான் என்பதை மறைக்காதீர்கள்.

சிகிச்சைக்குப் பிறகும் சிலர் மீண்டும் ஒருமுறை தொடலாம். "இனி திருந்த மாட்டான்" என்று கைவிடாமல், அதே வாரம் மருத்துவரிடம் திரும்ப அழைத்துச் செல்ல வேண்டும்.