நாய் வாலை ஆட்டினால் கடிக்காதா?

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைப் பக்கம் டீக்கடையில் நிற்கிறீர்கள். பெஞ்சுக்கடியில் படுத்திருந்த நாய் எழுந்து உங்களைப் பார்த்து வாலை ஆட்டுகிறது. பிஸ்கட்டை நீட்டலாமா?

அவசரப்படாதீர்கள். வால் எந்த உயரத்தில் நிற்கிறது? உடம்பே நெளிய, நடுமட்டத்தில் தளர்வாக ஆடினால் கவலையில்லை. காலிடுக்கில் செருகியிருந்தால் பயம். கம்பு மாதிரி விறைத்து, நுனி மட்டும் துடித்தால் ஒதுங்கிவிடுங்கள். ‘வாலைத்தானே ஆட்டுச்சு’ என்று சொல்லிக்கொண்டே ஊசி போடப் போகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

வாலடியில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. வாலைத் தூக்கினால் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற வாசனை பரவும். செருகினால் அது மறையும்.

இன்னொரு சங்கதி, வால் சாயும் பக்கம். இத்தாலியின் பாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 நாய்களைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். வளர்ப்பவரைக் கண்டதும் வால் நாயின் வலப்பக்கமாக அதிகம் ஆடியது. முன்பின் தெரியாத முரட்டு நாயைக் கண்டதும் இடப்பக்கமாக!

ஏன்? கரும்பு ஏற்றிய இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இடது மாடு எட்டி இழுத்தால் வண்டி வலப்பக்கம் திரும்பும். அப்படித்தான், ‘கிட்டே போ’ என்று தூண்டும் மூளையின் இடப்பாதி ஓங்கினால் வால் வலப்பக்கம் சாய்கிறது; ‘விலகு’ என்னும் வலப்பாதி ஓங்கினால் இடப்பக்கம்.

மற்ற நாய்களுக்கும் இது புரிகிறது. இடப்பக்கம் ஆடும் வாலை வீடியோவில் பார்த்த நாய்களுக்கு இதயத்துடிப்பு எகிறியது என்கிறது 2013 ஆய்வு. நம் கண்ணுக்கு இந்தச் சாய்வு சட்டென்று பிடிபடாது.

ஒன்று, சில நாட்டு நாய்களுக்கு வால் பிறவியிலேயே முதுகின் மேல் சுருண்டிருக்கும். அதைத் திமிர் என்று எண்ணிவிடாதீர்கள். காதையும் வாயையும் சேர்த்துப் பாருங்கள்.