மேடையில் பேச்சு, மக்கள் நாவில் பாட்டு

பதுளையிலிருந்து எத்திசை சென்றாலும் தேயிலைச் சரிவுகளும் அவற்றிடையே லயங்களும் கண்ணிற் படும். நம் பாட்டன் பாட்டிமார் அந்த லயங்களில் வாழ்ந்த காலத்தில், துரையின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்தினுள் கால் வைத்தல் அரிது. அத்துமீறிப் பிரவேசித்த குற்றம் வந்து சேரும். ஆனால் பாட்டுக்கு அனுமதிச் சீட்டு எதற்கு? இவ்வுண்மையை நன்குணர்ந்து மலைநாட்டைத் தட்டியெழுப்பிய தம்பதியர், கோ. நடேசய்யரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையுமாவர்.

தஞ்சை நாட்டினரான நடேசய்யர் 1920ஆம் ஆண்டில் இலங்கையிற் குடியேறினார். தொழிலாளர் படும் பாட்டை நேரிற் காண விரும்பி, புடவை மூட்டை சுமந்த வியாபாரியாகத் தோட்டங்களுக்குள் நுழைந்தவர் அவர். பத்திரிகைகள் நடத்தினார், 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார், 1936இல் அட்டன் தொகுதியினின்று அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

அவருடைய எழுத்து, படிக்கத் தெரிந்தோரை எட்டியது. பகலெல்லாம் கொழுந்து பறித்து, இரவில் அடுப்படியில் அல்லலுறும் எழுத்தறியாப் பெண்ணை எட்டுவது எங்ஙனம்? அவ்விடத்திலேதான் மீனாட்சியம்மையின் குரல் கைகொடுத்தது. கூட்டங்களிற் கணவர் பேசினார், மனைவியார் பாடினார். பாரதியார் பாடல்களோடு, தாமே இயற்றியவற்றையும் மக்கள் அறிந்த மெட்டுக்களில் அமைத்துப் பாடினார். பெண்கள் மேடையேறுவதே அரிதாயிருந்த நாள்கள் அவை. கேட்டவள் ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. மெட்டோடு சொல்லையும் மனத்திற்கொண்டு மலையேறலாம். அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களிற் கறுப்பின மக்களின் துயரும் இவ்வாறே பாட்டாகிப் பரவியதன்றோ?

1939இல் அரசாங்கம் தன்னிடம் பணிபுரிந்த இந்தியத் தினக்கூலித் தொழிலாளரை விலக்கத் தொடங்கியது. நாடு முழுவதும் கவலை சூழ்ந்த அவ்வேளையில், 1940இல், ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பாடல் நூலை அம்மையார் வெளியிட்டார். அதே ஆண்டிற் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. அதனை வழிநடத்தியோர் சமசமாஜிகள். சங்கம் வேறு, கொடி வேறு. எனினும் துரைக்கு முன் வாய் திறவாதிருந்த சமூகம் பேசத் துணிந்துவிட்டது என்பதற்கு ஊவாவும் அன்று சான்று பகர்ந்தது.

நடேசய்யர் 1947இல் மறைந்தார். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்து, மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோரின் குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் காத்திருக்க நேர்ந்தது. அந்நெடிய இரவு தொடங்குமுன்னரே, “நாமும் மனிதர்” என்னும் எண்ணத்தை மக்கள் மனத்தில் ஊன்றியதே இத்தம்பதியரின் பெரும்பணி.

நடேசய்யரின் பேச்சு சபைக் குறிப்புகளில் நிலைத்திருக்கும். பாட்டோ, பாடுவாரின்றி வாழாது. ஆதலால் வாசகர்களே, உங்கள் வீட்டிலோ அடுத்த லயத்திலோ முதிய பாட்டி எவரேனும் பழைய பாட்டொன்றை முணுமுணுத்தால், அருகமர்ந்து கேளுங்கள். பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதி வையுங்கள். அச்சேறாத நம் சரித்திரத்தின் ஓர் ஏடு அதில் இருக்கலாம்.