உப்பு ஜாடி கசிந்தால் உப்பளத்தில் வேலை இல்லை! தண்ணீருக்கும் உப்புக்கும் நடக்கும் இழுபறி

ஐப்பசியில் நாலு நாள் மழை பிடித்தால் போதும், சமையலறையில் முதலில் அதைச் சொல்வது உப்பு ஜாடிதான். கல் உப்பு நசநசவென்று ஈரமாகி, ஜாடியின் அடியில் தண்ணீர் கோத்து நிற்கும். யாரும் ஊற்றாத தண்ணீர். 'ஈரக் கையோடு எடுத்தது யார்?' என்று வீட்டில் யாராவது ஒருவர் மீது பழி விழும். சில வீடுகளில் ஒரு பிடி அரிசியைப் போட்டு வைப்பார்கள்.

அதே நாட்களில் தூத்துக்குடி உப்பளங்களில் பாத்திகள் வெறுமனே மழைநீர் தேங்கிக் கிடக்கும். அறுவடை செய்த உப்பைக் குவித்து, பனை ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடியிருப்பார்கள். அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை அளத்தில் வேலை இருக்காது. தினக்கூலியை நம்பியிருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது கையில் காசில்லாத காலம்.

ஜாடி கசிவதற்கும் அளத்தில் வேலை நிற்பதற்கும் காரணம் ஒன்றுதான். உப்பைப் பிடித்துக்கொண்ட தண்ணீர் அதை லேசில் விடாது. தண்ணீரைப் பார்த்துவிட்டால் உப்பும் சும்மா இருக்காது.

கற்கண்டு மாதிரி உப்பு எடுக்க முடியாதா?

தண்ணீரின் ஒரு மூலக்கூறில் ஒரு ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் இருப்பது பள்ளிப் பாடம். அதில் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர் மின்தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர் மின்தன்மையும் உண்டு. சின்னக் காந்தம் போல என்று வைத்துக்கொள்ளலாம். உப்பு என்பது நேர் மின்னேற்றம் கொண்ட சோடியமும், எதிர் மின்னேற்றம் கொண்ட குளோரைடும் சதுரம் சதுரமாக அடுக்கப்பட்ட கட்டடம். தண்ணீர் பட்டதும் மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு, சோடியத்தை ஒரு பக்கமும் குளோரைடை ஒரு பக்கமும் பிய்த்து எடுத்துவிடுகின்றன. இதைத்தான் 'உப்பு கரைந்துவிட்டது' என்கிறோம்.

கரைந்ததைத் திரும்ப எடுப்பதில்தான் சிக்கல். சர்க்கரையைக் கொதிநீரில் நிறையக் கரைத்துப் பாகாக்கி, மெல்ல ஆறவிட்டால் கற்கண்டு விளைந்துவிடும். சூட்டில் கரைந்த சர்க்கரையை ஆறிய தண்ணீரால் தாங்க முடியாது என்பதால் அது படிகமாக வெளியே வருகிறது. உப்புக்கு இந்த வழி பலிக்காது. 100 கிராம் தண்ணீரில் சாதாரண வெப்பநிலையில் சுமார் 36 கிராம் உப்பு கரையும். கொதிக்கும் தண்ணீரிலும் 39 கிராம்தான் கரையும். சூடாக்கி ஆற வைத்தால் கிடைப்பது அந்த மூன்று கிராம்தான்.

ஆக, உப்பு வேண்டுமென்றால் தண்ணீரை விரட்டியே ஆக வேண்டும். அதற்கான செலவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கடல் நீரில் ஒரு கிலோவுக்கு சராசரியாக 35 கிராம் உப்புகள் உள்ளன. அதில் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு மட்டும் சுமார் 27 கிராம். ஒரு கிலோ உப்புக்கு ஏட்டுக் கணக்கிலேயே 36 லிட்டருக்கு மேல் கடல் நீர் தேவை. தண்ணீரை 0 டிகிரியில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஆகும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல், அதை ஆவியாக்கச் செலவாகும். 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்றை முழுதாக எரித்துக் கடல் நீரைக் காய்ச்சினாலும், நாலு கிலோ சொச்சம் உப்பு தேறினால் பெரிய விஷயம். அந்த விலைக்கு உப்பு விற்றால் யார் வாங்குவார்கள்? அடுப்பு செய்ய வேண்டிய வேலையை வெயிலும் காற்றும் சம்பளம் வாங்காமல் செய்வதால்தான் மளிகைக் கடையில் உப்பு இன்னும் மலிவான சரக்காக இருக்கிறது. மலிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பாத்தியில் இறங்கி வேலை செய்பவர்களின் கூலி.

டிகிரி சொல்லும் ரகசியம்

இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத் முதலிடம், தமிழ்நாடு இரண்டாம் இடம். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது. இங்கே பல அளங்களில் கடல் நீரை நேரடியாக விடுவதில்லை. போர் போட்டு நிலத்தடியில் இருக்கும் உப்புநீரை இறைக்கிறார்கள். அது கடல் நீரைவிடச் செறிவானது என்பதால், வெயில் விரட்ட வேண்டிய தண்ணீர் குறைகிறது.

அளத்தில் தண்ணீரை 'டிகிரி' கணக்கில்தான் பேசுவார்கள். வெயிலின் டிகிரி வேறு, இது வேறு. 1768-ல் பிரெஞ்சு மருந்தாளுநர் அந்துவான் போமே உருவாக்கிய அளவுகோல் இது. கண்ணாடிக் குழாய் மாதிரியான மிதவையை நீரில் விட்டால், நீரின் அடர்த்திக்கு ஏற்ப அது மேலே எழும்பி நிற்கும். நல்ல தண்ணீர் என்றால் 0. கடல் நீர் 3 முதல் 3.5. ஒரு பாத்தியில் இருந்து அடுத்த பாத்திக்கு நீர் நகர நகர, இந்த எண் ஏறிக்கொண்டே போகும்.

கடல் நீரில் இருப்பது ஒரே ஒரு உப்பு இல்லை. சோடியம், குளோரைடு தவிர சல்பேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவையும் உண்டு. ஆழ்கடலில் எங்கே எடுத்தாலும் இவற்றின் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளைச் சோதித்து, 1884-ல் வில்லியம் டிட்மர் இதை உறுதிசெய்தார்.

ஒரே தண்ணீரில் கலந்திருந்தாலும் இவை எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. குறைவாகக் கரையும் பொருள் முதலில் வெளியேறும். சுண்ணாம்புச் சத்தான கால்சியம் கார்பனேட் முதலில் படியும். 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும். 25 டிகிரி வாக்கில்தான் சோடியம் குளோரைடின் முறை வரும். அதற்குள் ஆரம்பத்தில் இருந்த கடல் நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகியிருக்கும். அதனால்தான் அளத்தில் வரிசையாக அத்தனை பாத்திகள். ஜிப்சத்தை முந்தைய பாத்திகளிலேயே விட்டுவிட்டு, 25 டிகிரிக்கு வந்த நீரைத்தான் உப்பு விளையும் பாத்திக்குள் விடுகிறார்கள்.

செறிவு கூடிய பாத்திகள் சில நேரம் இளஞ்சிவப்பாகத் தெரியும். யாரும் சாயம் கலந்ததில்லை. வேறு உயிர்கள் வாழ முடியாத உப்புநீரில் வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. அந்தச் சிவப்பு வெயிலைக் கூடுதலாக உறிஞ்சுவதால் ஆவியாதலுக்கும் உதவுகிறது.

நீர் 29, 30 டிகிரியைத் தொட்டால் மிச்சத்தை வடித்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து, உப்பு கசந்துவிடும். 25-க்கும் 30-க்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் நம் சாம்பாருக்கான உப்பு விளைகிறது. அளத்தில் பழகிய கண்களுக்கு நீரின் நிறத்தையும் அதன் மேல் படரும் மெல்லிய உப்பு ஆடையையும் பார்த்தாலே பதம் தெரிந்துவிடும்.

டிகிரிக் குழாய் இல்லாமலும் இதை வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் முட்டையைப் போட்டால் மூழ்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் முட்டை எழும்பி மிதக்கும். நம் விவசாயிகள் விதைநெல் தேர்ந்தெடுப்பது இப்படித்தான். முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டுவார்கள். பதர் மிதக்கும், திரண்ட நெல் அடியில் தங்கும். அதை நல்ல தண்ணீரில் அலசி விதைப்புக்கு எடுத்துக்கொள்வார்கள்.

75 சதவிகிதம் என்ற கோடு

இப்போது ஜாடிக்குத் திரும்பலாம்.

நல்ல தண்ணீர் ஆவியாவது போல உப்புநீர் ஆவியாகாது. உப்பைச் சூழ்ந்து நிற்கும் மூலக்கூறுகள் அவ்வளவு எளிதில் கிளம்புவதில்லை. இதற்கு மேல் உப்பு கரையாது என்ற நிலைக்கு வந்த நீரில் இருந்து, காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் மட்டுமே ஆவி வெளியேறும். ஈரப்பதம் 75-ஐத் தாண்டினால் எல்லாம் தலைகீழ். காற்றில் உள்ள ஈரத்தை உப்பு தன் பக்கம் இழுக்கும்.

ஜாடியின் அடியில் நின்ற தண்ணீர் அப்படிக் காற்றில் இருந்து வந்ததுதான். மெக்னீசியம் குளோரைடு ஒட்டியிருக்கும் கல் உப்பு இன்னும் மோசம். மெக்னீசியம் குளோரைடுக்குக் காற்றில் 33 சதவிகித ஈரம் இருந்தாலே போதும், கசிய ஆரம்பித்துவிடும். அளத்தில் புதிதாக வாரிய உப்பைக் குவித்து வைத்து, கசப்பு நீரை வடியவிடுவது இதற்காகவும்தான்.

பாத்திக்கும் இதே விதிதான். கோடையில் பகலெல்லாம் வெயில் உறிஞ்சிய தண்ணீரில் கொஞ்சத்தை, ஈரமான இரவு திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் உப்பளத்துக்கு வெயில் மட்டும் போதாது, வறண்ட காற்றும் வேண்டும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிட, மழையை அந்தப் பக்கமே இறக்கிவைத்துவிட்டு வரும் காற்று தூத்துக்குடியில் காய்ந்துபோய் வீசுகிறது. ஊரெல்லாம் மழை கேட்டு வானத்தைப் பார்க்கும் ஜூன், ஜூலையில் உப்பளக்காரர்கள் அந்தக் காற்றை நம்பித்தான் இருக்கிறார்கள்.

நடுவில் ஒரு மழை வந்தால்? உடனே விழித்துக்கொண்டால் கொஞ்சம் தப்பிக்கலாம். செறிந்த உப்புநீர் ஒரு லிட்டர் சுமார் 1.2 கிலோ எடை. மழைநீர் அதைவிட லேசானது என்பதால், கலங்காமல் இருக்கும்வரை மேலேயே நிற்கும். அதை மட்டும் வடித்துவிட்டால் கீழே உள்ள உப்புநீர் பிழைக்கும். காற்றடித்துக் கலந்துவிட்டால் போச்சு. கோடை வெயிலும் ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் குடிக்கும். 5 சென்டிமீட்டர் மழை ஒரு வார உழைப்பைக் கரைத்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்தக் கணக்கிலேயே புரிந்துகொள்ளலாம். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தின் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. விற்பனைக்காகக் குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்து ஓடின. பாத்திகளில் சேறு படிந்தது. வீட்டில் தண்ணீர் புகுந்தால் வடிந்த பிறகு பாதிப் பொருளையாவது கழுவி எடுக்கலாம். உப்பில் கழுவி எடுக்க எதுவும் மிஞ்சாது.

நாலு மடங்கு கரிப்பு

இத்தனை தண்ணீருக்கு நடுவில் நிற்பவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதுதான் பாடு.

மருத்துவமனையில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். அது நம் ரத்தத்துக்கு ஒத்துப்போகும் அளவு. கடல் நீரில் 35 கிராம், ஏறக்குறைய நாலு மடங்கு. அந்த அளவுக்கு உப்பைச் செறிவாக்கிச் சிறுநீரில் வெளியேற்ற மனிதச் சிறுநீரகத்தால் முடியாது. குடித்த கடல் நீரின் உப்பை வெளியேற்ற, உடலில் ஏற்கெனவே இருக்கும் நல்ல தண்ணீரும் சேர்ந்து செலவாகும். படகு பழுதாகி நடுக்கடலில் மாட்டிக்கொள்ளும் மீனவர்கள், நாக்கு வறண்டாலும் கடல் நீரைத் தொடாதது இதனால்தான்.

பாத்தியில் இருக்கும் நீர் கடல் நீரைவிடப் பல மடங்கு செறிவானது. அதில் மணிக்கணக்கில் நிற்கும் கால்களில் வெடிப்பும் புண்ணும் சகஜம். உப்பு தோலின் ஈரத்தை உறிஞ்சுகிறது, வெடிப்பில் இறங்கி எரிகிறது. வெள்ளை வெளேரென்ற பாத்தியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பதம் பார்க்கிறது. அதற்காகவே பலர் விடியும் முன்பே வாருபலகையோடு பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிக்கப் பார்க்கிறார்கள். பெண்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பல அளங்களில் கழிப்பறை இல்லை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். உடலில் உள்ள நீரெல்லாம் வியர்வையாகப் போகும் இடத்தில் இது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வேலை இல்லாத மழை மாதங்களுக்காக, உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு 5,000 என்றால், ஒரு நாளைக்கு 60 ரூபாய்கூட வராது.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் தேங்கிய நீரை வடித்து, சேற்றை அள்ளி, வரப்பைக் கட்டி, பாத்தியின் தரையை மிதித்து இறுக்கும் வேலை தொடங்கும். தரை இறுகாவிட்டால் உப்புநீர் மண்ணுக்குள் இறங்கிவிடும், விளையும் உப்பிலும் சேறு கலக்கும். அந்தத் தரை தயாரான பிறகுதான் முதல் பாத்திக்குள் உப்புநீரைத் திறந்துவிடுவார்கள். அது 25 டிகிரி ஆக இன்னும் பல வார வெயில் வேண்டும்.