மாசி மாதத்துக் கொல்லைப்புறம்

வீட்டை விற்கப் போகிறீர்களா? முகப்புக்கு வெள்ளையடிப்பது இருக்கட்டும். முதலில் கொல்லைப்புறம் போய், கிணற்றடியில் நின்று, ஒரு தடவை சுற்றிலும் அண்ணாந்து பாருங்கள்.

வீடு பார்க்க வரும் ஆண்கள் பத்திரத்தையும் பட்டாவையும் கேட்பார்கள். கூட வரும் பெண்மணியோ, பேசாமல் கொல்லைக் கதவைத் திறப்பாள். "இங்கே நின்று தலை உலர்த்தினால் யார் கண்ணிலாவது படுமா?" என்பதுதான் அவள் மனத்திலுள்ள கேள்வி. பேரம் படிவதும் முறிவதும் பல சமயம் அங்கேதான்!

சென்னையில் ஓட்டு வீடுகள் இருந்த எத்தனையோ மனைகளில் இன்று நாலு மாடிக் கட்டடங்கள். அந்தப் பால்கனிகளுக்கும் நம் துவைக்கிற கல்லுக்கும் நடுவே திரையாக நிற்பது ஒரு வேப்ப மரமோ, நாட்டு வாதுமையோதான். ஆவணி, புரட்டாசியில் திரை அடர்த்தியாகத் தொங்கும். மாசி வந்ததோ, வேம்பு இலைகளைக் கொட்டிவிடும். வாதுமையும் இலைகளைச் செக்கச் சிவக்கப் பழுக்கவைத்து உதிர்க்கும். சில இடங்களில் வருஷத்தில் இரண்டு தடவை! இலை வழியே ஆவியாகிப் போகும் தண்ணீரை மிச்சம் பிடிக்க மரம் செய்யும் சிக்கனம் அது. மரத்துக்குச் சிக்கனம், நமக்கோ சங்கடம்!

"அப்படியானால் ஆவணியிலேயே காட்டி விற்றுவிடலாமே!" என்று உங்கள் வீட்டுக்காரர் யோசனை சொல்லலாம். வேண்டாம், அம்மா! வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டறிய முடியாத முக்கியக் குறையை, அது தெரிந்த விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம். இலை உதிர்வது அந்தக் கணக்கில் சேருமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நாளைக்கு அந்தக் கல்லடியில் நிற்கப் போகிறவளும் உங்களைப் போல் ஒரு பெண் அல்லவா? "மாசியில் சில வாரம் இந்தப் பக்கம் வெளிச்சமாயிருக்கும். சித்திரைக்குள் தளிர்த்துப் பச்சடிக்குப் பூவும் தரும்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். குறையைச் சொல்பவளிடம் நம்பிக்கை பிறக்கும்.

கொல்லை விசாலமாகத் தெரியட்டும் என்று விற்கும் சமயத்தில் மரத்தை வெட்டுகிறவர்களும் உண்டு. விசாலம் தெரியும், கூடவே எதிர் வீட்டு ஜன்னல்களும் தெரியும்!

இரண்டு மூன்று வருஷம் அவகாசம் இருந்தால், மதிலோரம் நெட்டிலிங்கம் வையுங்கள். இடத்தை அடைக்காமல் உயரும்; ஒரேயடியாக மொட்டையாகாது. மகிழ மரமும் அப்படியே. ஆனால் வளரப் பொறுமை வேண்டும். அதுவரை ஒரு கீற்றுத் தட்டி போதும். முருங்கையை மட்டும் நம்பாதீர்கள். காற்றடித்தால் ஒடியும், கிளையை வெட்டினால்தான் நன்றாகக் காய்க்கும். ஒற்றை மரத்தையும் நம்ப வேண்டாம். 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயலில் சென்னை ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்ததே!

சரி, நீங்கள் வாங்குகிற கட்சியா? முடிந்தால் மாசியில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். அவசரமென்றால் ஒன்று செய்யுங்கள்: மரத்தில் எத்தனை இலை என்று பார்க்காதீர்கள், இலைக்குப் பின்னால் எத்தனை ஜன்னல் என்று எண்ணுங்கள்!