தளர்ந்த மூக்குக் கண்ணாடியும் தக்க திருப்புளியும்

நாற்பது வயதைக் கடந்த நெசவாளருக்கு மூக்குக் கண்ணாடி அலங்காரப் பொருளன்று. நாடா, அச்சு, விழுது ஆகியவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க தொழிற்கருவியே ஆகும். அறுந்த பாவிழையை எடுத்து விழுதின் கண்ணுள் நுழைத்து, அச்சுப் பல்லின் இடுக்கில் வாங்கி முடிவதற்குத் தெளிந்த பார்வை வேண்டும். வெள்ளெழுத்து வந்த பின்னர் அப்பார்வையைத் தருவது கண்ணாடியே. உழவருக்கும் அவ்வாறே. பூச்சி மருந்துப் புட்டியின்மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் அளவைத் தவறாகப் படித்தால் பயிருக்குக் கேடு, தெளிப்பவருக்கும் கேடு.

இத்தகைய கருவி தளர்ந்து போனால் நாம் செய்வது என்ன? மூக்கின்மேல் வழியும் கண்ணாடியைப் புறங்கையால் மேலே தள்ளிக்கொண்டே வேலை செய்கிறோம். நகரத்திற்குப் போகும் நாள் வரட்டும் என்று வாரக் கணக்கில் காத்திருக்கிறோம். நெய்த அளவுக்குக் கூலி பெறுபவருக்கு, நகரத்திற்குச் சென்று திரும்பும் ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலியாகும். பழுதோ, பெரும்பாலும், ஒரு சிறு திருகாணி அரைச் சுற்று தளர்ந்ததே தவிர வேறில்லை.

கண்ணாடி வழிவதால் வரும் நட்டம்

தளர்ச்சி சிறு தொல்லைதானே என்று கருதுதல் வேண்டா. மேற்பாதி தூரப் பார்வைக்கும் கீழ்ப்பாதி அருகுப் பார்வைக்கும் அமைந்த பைஃபோகல் கண்ணாடி சிறிது கீழே இறங்கினாலும், படிக்கும் பகுதி கண்ணுக்கு நேராக நிற்பதில்லை. அதைத் தேடி முகவாயை உயர்த்துகிறோம், கழுத்து நோகிறது. தறிமேல் குனியும்போது கண்ணாடி நழுவி விழுந்து கீறல் படுவதும் உண்டு.

கண்ணாடியின் பயன் எத்துணை என்பதற்கு ஓர் ஆய்வு சான்றாக உள்ளது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில், வெள்ளெழுத்துக் குறையுடைய 40 வயதிற்கு மேற்பட்ட 751 தொழிலாளரைக் கொண்டு நடத்திய அவ்வாய்வின் முடிவு 2018ஆம் ஆண்டு வெளியாயிற்று. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 22 சதவீதம் மிகுந்தது. நம் வால்பாறை மலைத் தோட்டங்களில் இலை பறிப்பவர்க்கும், பவானியில் ஜமக்காளம் நெய்பவர்க்கும், நெகமத்தில் சேலை நெய்பவர்க்கும் இது சிந்திக்கத் தக்க செய்தி. ஆனால் அப்பயன் கண்ணாடி முகத்தில் நிலையாக நிற்கும் வரையில்தான்.

எந்தக் கருவி வேண்டும்?

அரிவாள்மணையின் நுனி, பேனாக்கத்தி, ஊக்கு, நகவெட்டி ஆகியவற்றால் திருகாணியைத் திருப்ப முயல்வது நம் வீடுகளில் வழக்கம். இவற்றால் திருகாணித் தலையின் பள்ளம் சிதைகிறது. சிதைந்தபின் சரியான கருவியும் அதில் பிடிப்பதில்லை.

வேண்டுவது கடிகாரம் பழுதுபார்ப்போர் கையாளும் சிறு திருப்புளி. காதுக்கம்பியைச் சட்டத்தோடு இணைக்கும் கீலின் திருகாணி, பொதுவாக 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் விட்டமே உடையது. அதன் தலைப் பள்ளத்திற்கு ஏறத்தாழ 1.5 முதல் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டை நுனி பொருந்தும். சில கண்ணாடிகளில் தலைப் பள்ளம் கூட்டல் குறிபோல் இருக்கும். அவற்றிற்கு 00 அல்லது 000 எண் கொண்ட நுனி வேண்டும். நுனி பள்ளத்தை முழுமையும் நிரப்ப வேண்டும் என்பதே விதி. குறுகிய நுனி பள்ளத்தைக் கெடுக்கும். அகன்ற நுனி சட்டத்தைக் கீறும். ஆகவே கடைக்குச் செல்பவர் கண்ணாடியையும் உடன்கொண்டு சென்று பொருத்திப் பார்த்தே வாங்குக. மிக மலிவானவற்றில் நுனி முறுக்கிக்கொள்வதால் கடினமாக்கிய எஃகினால் ஆனதைக் கேட்டு வாங்குதல் நலம். தலையில் தனியே சுழலும் குமிழ் இருந்தால், ஆட்காட்டி விரலால் அழுத்திக்கொண்டே மற்ற விரல்களால் திருப்பலாம்.

இதனோடு, மெல்லிய முனையுள்ள ஓர் இடுக்கி, விழுந்த திருகாணியைத் தேடுவதற்கு ஒரு சிறு காந்தம், பல அளவுத் திருகாணிகள் அடங்கிய ஒரு பொட்டலம் ஆகியவை இருந்தால் போதும். திருகாணி காந்தத்தில் ஒட்டாத உலோகமாகவும் இருக்கக் கூடுமாதலால், காந்தத்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

செய்யும் முறை

பகல் வெளிச்சத்தில், ஒரு தட்டில் வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வேலை செய்க. விழுந்த திருகாணி உருண்டோடாது. முதலில் கண்ணாடியைச் சோப்பு நீரில் கழுவிக் கஞ்சி போடாத பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கவும். பஞ்சுத் தூசியும் கஞ்சித் துகளும் ஒட்டியிருக்கத் துடைத்தால், பிளாஸ்டிக் வில்லையில் கீறல் விழும்.

காதுக்கம்பியைப் பாதியளவு திறந்து, கீலின் துளைகளை நேர்ப்படுத்துக. சட்டத்தைத் தட்டின்மேல் ஊன்றிப் பிடிக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்துத் திருப்பினால், வழுக்கும் திருப்புளி கையைக் குத்தும். வலப்புறமாகத் திருப்பினால் இறுகும். கம்பி சிறிது இறுக்கத்தோடு மடங்கி விரிந்தால் அதுவே போதிய அளவு. அதற்கு மேலும் முறுக்கினால் திருகாணி முறியும். அல்லது புரி தேயும். நிறமற்ற நகப்பூச்சில் ஒரு சிறு துளியைத் திருகாணித் தலையில் வைத்து உலரவிட்டால் விரைவில் தளராது. அது வில்லையில் படாதவாறு காத்துக்கொள்க.

உலோகச் சட்டத்தில், வில்லையைப் பிடித்திருக்கும் வேறொரு திருகாணியும் உண்டு. வில்லை ஆடினால் அதனை இறுக்குக. திருகாணி தொலைந்து போயின், கீலின் துளைகளுள் உறுதியான நூலைக் கோத்து இறுக முடிந்து ஒட்டறுக்கலாம். இழை முடிதல் நெசவாளருக்குப் புதிதன்று. ஆயினும் இது சில நாட்களுக்கான ஏற்பாடே.

உடனே ஒட்டும் பசையைக் கீலில் இடுதல் கூடவே கூடாது. அதன் ஆவி வில்லையில் வெண்திரை போலப் படியும். பின்னர்க் கடைக்காரராலும் கீலைப் பிரிக்க இயலாது.

எங்கே நிறுத்த வேண்டும்?

நமது கோவை வட்டாரத்துக் கலங்கலில் 1893ஆம் ஆண்டு பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள், இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தே அதன் இயக்கத்தைக் கற்றார். அத்துணிவு போற்றத் தக்கது. எனினும் கண்ணாடியில் எல்லாவற்றையும் வீட்டில் பிரித்தல் தகாது. வில் பொருத்திய கீல், விளிம்பற்ற சட்டம், வில்லையை நைலான் இழை தாங்கும் அரைச் சட்டம், பற்றுவைப்பு விட்டுப்போன கம்பி, தேய்ந்த புரி ஆகிய இவை ஐந்தும் கடைக்கு உரியவை.

கண்ணாடி உறுதியாக நின்ற பின்னும் எழுத்து மங்கலாகத் தெரிந்தால், குறை திருகாணியில் இல்லை. கண்ணைச் சோதிக்க வேண்டும். கோயம்புத்தூரில் 1997 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை நடைபெற்று வருகிறது. பிற மருத்துவமனைகளும் உள்ளன. நாற்பதைக் கடந்தோர் கண்ணின் உள்ளழுத்தத்தையும் அவ்வப்போது சோதித்துக்கொள்ளுதல் அவசியம். அழுத்த நோய் வலியின்றியே பார்வையைக் கவர்ந்துவிடும்.

சங்கம் செய்யத் தக்கது

வீட்டுக்கு வீடு இக்கருவிகள் வேண்டுமென்பதில்லை. சங்க அலுவலகத்தில் ஒரு சிறு பெட்டி இருந்தால் ஊர் முழுதுக்கும் போதும். தட்டைத் திருப்புளி இரண்டு, கூட்டல் நுனியுள்ளது ஒன்று, இடுக்கி, காந்தம், திருகாணிப் பொட்டலம் ஆகியன அதில் இருக்கட்டும். கைநடுக்கமற்ற இளைஞர் ஒருவர் இவ்வேலையைப் பழகிக்கொள்ளட்டும். எடுத்துச் செல்வோர் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். நூல் வழங்கும் நாளிலோ, கூலி வழங்கும் நாளிலோ, முதிய அங்கத்தினர் வரும்போது அவர்தம் கண்ணாடியையும் ஒருமுறை பார்த்துத் தருதல் எளிது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை முன்வைக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். செலவு சிறிது, பல கண்களுக்கு ஆகும் துணையோ பெரிது.